செம்பிக்கு லாடம் இல்லை

எங்கள் வீட்டுக்குக் கார் வருவதற்கு முன்பே குதிரை வந்துவிட்டது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் என்னை ஏதோ டத்தோ பட்டம் வாங்கிய பணக்காரர் வீட்டுப் பிள்ளை என்று நினைத்துவிடுகிறார்கள். நானும் அவசரப்பட்டு அதைத் திருத்துவதில்லை. அப்பா சிடாம் கிரி தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார், அம்மா வீட்டில் ரவிக்கை தைத்தார், குதிரை நின்றது வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகையில் என்பதையெல்லாம் பிறகு மெதுவாகத்தான் சொல்வேன்.

குதிரை சித்தியுடையது. அம்மாவின் தங்கையான சித்தி அப்போது எங்களோடுதான் இருந்தார். சுங்கைப்பட்டாணிக்கு வெளியே ஒரு குதிரைப் பயிற்சிப் பண்ணையில் லாயம் கழுவும் வேலை. பண்ணையை மூடியபோது குதிரைகள் ஒவ்வொன்றாக விலைபோயின. வயதான பெண் குதிரை ஒன்றை மட்டும் யாரும் சீண்டவில்லை. வேண்டுமானால் நீயே கொண்டுபோ என்று முதலாளி சொல்ல, சித்தி அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தே வீடு வந்து சேர்ந்தார். பண்ணையில் அதற்கு எங்கள் வாயில் நுழையாத வெள்ளைக்காரப் பெயர் ஒன்று இருந்தது. செம்பு நிறத்தில் இருந்ததால் சித்தி அதைச் செம்பி என்று கூப்பிட்டார்.

அம்மா வாசலில் நின்று குதிரையை மேலும் கீழும் பார்த்தார். "சம்பளத்தோட வருவான்னு பாத்தா, சாப்பிடறதுக்கு ஒரு ஆளக் கூட்டிட்டு வந்திருக்கா" என்றார்.

சித்திக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கிடைத்த சம்பளம் மூட்டை மூட்டையாகக் குதிரையின் வயிற்றுக்குள் போனது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த அம்மா ஒருநாள் தையல் மிஷினை நிறுத்திவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். தீபாவளிக்குள் அது தன் வயிற்றுக்குத் தானே சம்பாதிக்க வேண்டும். இல்லையென்றால் ஜித்ராவில் ஒருவர் விலைக்குக் கேட்கிறார், கொடுத்துவிட வேண்டும். சித்தி கொட்டகைக்குப் போய்ச் செம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். நானும் போய் எட்டிய இடத்தை, அதாவது முன்னங்காலை, கட்டிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து எங்கள் சிக்கனம் தொடங்கியது. எங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. நானும் அதில் பாதி வேலை பார்த்தவள்.

முதலில் வெட்டு விழுந்தது வெளிநாட்டுத் தீவன மூட்டைக்கு. அதில் பாதியைக் குறைத்து, அந்த இடத்தைப் புல்லால் நிரப்பினார் சித்தி. செம்பனைக் காட்டில் புல்லுக்கா பஞ்சம்? ஆனால் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிப்பார்கள். மருந்தடித்த இடத்துப் புல்லைத் தின்றால் குதிரை பிழைக்காது. அதனால் மருந்தடிக்கும் அக்காமார்களோடு சித்தி ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். எந்தப் பக்கம் மருந்தடித்தார்கள், எந்தப் பக்கம் இன்னும் தொடவில்லை என்று அவர்கள் வேலை முடிந்து போகும்போது சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதற்குக் கூலியாக ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பிள்ளைகளுக்குக் குதிரைச் சவாரி. வரிசையில் யார் முந்தி, யார் பிந்தி என்று முடிவு செய்யும் அதிகாரம் என்னிடம் இருந்தது. அதற்குப் பிறகு அப்படியொரு பதவி எனக்குக் கிடைக்கவேயில்லை.

பாசார் சந்தையில் கரும்புச் சாறு விற்ற மலாய்க்காரரான பாக்சிக் மாமா, கரும்பின் தோகையைக் கட்டி வைத்திருந்து கொடுப்பார். செம்பியின் படுக்கைக்கு மரச்சாமான் தொழிற்சாலையிலிருந்து மரம் இழைத்த தூள் சும்மா கிடைத்தது. அதில் ஆணி கிடக்கும். உடைந்த ரேடியோவிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி, தூளுக்குள் இழுத்து ஆணி பொறுக்குவது என் வேலை. சாணத்தை மூட்டை கட்டி, கீரை போடும் சீன ஆயாவிடம் கொடுத்தால் வீட்டுக்குக் கீரை வரும். "குதிர வந்ததுக்கு இந்தக் கீரைதான் மிச்சம்" என்று அம்மா முனகிக்கொண்டே கடைவார். ஆனால் தட்டில் மிச்சம் வைத்தால் விடமாட்டார்.

எதைக் குறைத்தும் லாடச் செலவு மட்டும் அசையவில்லை. லாடம் அடிப்பவர் பினாங்கிலிருந்து வருவார். அவர் வந்துபோன வாரம் எங்கள் வீட்டில் கோழி கிடையாது. கடைசியாக அவர் வந்தபோது சித்தி லாடங்களைக் கழற்றச் சொல்லிவிட்டார். குளம்பை எப்படிச் சீவுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, அவருடைய பழைய அரம் ஒன்றையும் கெஞ்சி வாங்கிக்கொண்டார். முதல் சில வாரங்கள் செம்பி கொதிக்கும் மணலில் நடப்பதுபோல நடந்தது. தனக்கு வக்கில்லாததால்தானே இது இப்படி நொண்டுகிறது என்று சித்தி அழுதார். கல் இல்லாத செம்மண் பாதையில் மட்டும் நடத்தினார். வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை குளம்பைத் துடைத்துப் பார்த்தார். மெல்ல மெல்லக் குளம்பு இறுகி, செம்பி பழையபடி தலையை ஆட்டிக்கொண்டு நடந்தது.

குதிரைக்கு வலி போய்விட்டது. எனக்குத்தான் தொடங்கியது. "ஒங்க குதிரைக்கு ஒரு சிலிப்பர் வாங்கக்கூட துட்டு இல்லையாலா?" என்று பள்ளிக்கூடத்தில் ஒருவன் கேட்டான். அவன் சிலிப்பரைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தமில்லை.

தீபாவளி நெருங்கியது. ஒருநாள் அம்மா ரவிக்கை கொடுக்கப் போன இடத்திலிருந்து செய்தியோடு வந்தார். சுங்கைப்பட்டாணியில் மசாலா மில் வைத்திருக்கும் முதலாளி வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பினாங்கிலிருந்து வெள்ளைக் குதிரை வருகிறது. மாப்பிள்ளைத் தோழனாக வரும் சின்னப் பையனுக்கு இன்னொரு குதிரை வேண்டும். நிறம் எதுவானாலும் பரவாயில்லை. "அந்தச் சனியன் சும்மாதான நிக்குதுன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார் அம்மா. இது நன்றாக நடந்தால் அடுத்தடுத்து கல்யாணங்கள் வரும். சொதப்பினால் செம்பி ஜித்ராவுக்கு.

மேளத்துக்குச் செம்பி மிரளாது. கோயிலில் உறுமி மேளக்காரர்கள் பழகும் நாளெல்லாம் சித்தி அதைக் கொண்டுபோய்ப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார். லாடத்தை நினைத்துத்தான் அவருக்கு உதறல். வெறுங்காலோடு நிற்பதை முதலாளி பார்த்துவிட்டால் இது என்ன பஞ்சப் பரதேசிக் குதிரை என்று திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று பயந்தார். குளம்புக்கு எண்ணெய் தேய்த்துக் கறுப்பாக்கினார். அப்படியும் மனசு ஆறவில்லை. கடைசியில் என்னைப் பார்த்தார். "ஒன்னோட சலங்கையக் குடுப்பியா?"

நான் பரதநாட்டியம் பழகிக்கொண்டிருந்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு கட்டும் சலங்கையைக் குதிரைக் காலில் கட்டலாமா என்று நான் அம்மாவைப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அம்மா ஊசியில் நூல் கோத்தபடியே, "சலங்க காலுக்குத்தான. எந்தக் காலுன்னு யாரு கேக்கப் போறா?" என்றார்.

கல்யாணத்தன்று மாலை மழை பெய்து விட்டிருந்தது. வெள்ளைக் குதிரை அரண்மனைக் குதிரை மாதிரியே இருந்தது. எங்கள் செம்பியைவிட ஒரு முழம் உயரம், வெள்ளிச் சரிகை போர்த்திய சேணம், தார்ச்சாலையில் டக் டக்கென்று இடிக்கும் லாடம். அதைப் பிடித்து வந்தவர் பினாங்குக் கடற்கரையில் சவாரி விடும் ஓர் இளைஞர். நான் அவரைக் குதிரைக்கார அண்ணன் என்றேன். கைத்தொலைபேசிகள் எல்லாம் அந்தப் பக்கமே நீண்டிருந்தன. எங்கள் செம்பி மேல் பட்டு வேட்டி கட்டிய ஐந்து வயதுத் தோழன் உட்கார்ந்திருந்தான். முன்னங்கால்களில் கட்டிய என் சலங்கை மேளச் சத்தத்தில் அமுங்கிப்போயிருந்தது. ஓர் அம்மாள், "இது என்னலா, பூன மாதிரி சத்தமே இல்லாம வருது" என்றார். சித்தி தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாளின் முகத்தை நான் மனத்தில் குறித்துவைத்துக்கொண்டேன்.

மண்டபத்து வாசலுக்குச் சரிவாக ஒரு பாதை ஏறியது. பளபளக்கும் டைல்ஸ் பதித்தது. அதன்மேல் மழைத் தண்ணீர். வெள்ளைக் குதிரை முதல் காலை வைத்தது. கால் சர்ரென்று வழுக்கியது. மாப்பிள்ளையின் தலைப்பாகை காதில் வந்து விழுந்தது. குதிரை பின்வாங்கி நின்றுவிட்டது. அண்ணன் தட்டிக்கொடுத்துப் பார்த்தார், காதில் பேசிப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையை இறங்கச் சொல்லிவிட்டார். "அடிச்சு ஏத்தலாம் மொதலாளி. ஆனா விழுந்துச்சுன்னா கால் ஒடஞ்சிரும். நான் செய்யமாட்டேன்."

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. நல்ல நேரம் முடியப் போகிறது. வாசலில் பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு நிற்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "குதிரையில வர்றோம்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இப்ப நடந்து போறதா?" என்று அழும் நிலைக்கு வந்துவிட்டார். அப்போது அண்ணன் செம்பியைப் பார்த்தார். நேராகச் சித்தியிடம் வந்து, காலைக் காட்டி, தணிந்த குரலில் கேட்டார்.

"இதுக்கு லாடம் இருக்கா?"

சித்தியின் முகம் வெளுத்தது. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டோம் என்று நான் அவர் தாவணியைப் பிடித்துக்கொண்டேன். "இல்ல" என்றார் சித்தி, எனக்கே கேட்காத குரலில்.

"அப்பாடா, பொழச்சோம்!" என்று அண்ணன் திரும்பிக் கத்தினார். "மொதலாளி, மாப்பிள்ளைய இதுல ஏத்துங்க. இரும்புதான் வழுக்கும். வெறும் குளம்பு நின்னுரும்."

தோழன் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தான். அவனை முன்னால் வைத்துக்கொண்டே மாப்பிள்ளை ஏறினார். சித்தி கயிற்றைப் பிடித்தார். செம்பி சரிவில் ஒரு காலை வைத்து, மோந்து பார்த்து, அடுத்த காலை வைத்தது. பிறகு ஏதோ தன் வீட்டுக்குள் போவதுபோல ஏறிப் போயிற்று. மேளக்காரர்கள் அடிப்பதை மறந்து பார்த்துக்கொண்டிருந்ததால் என் சலங்கைச் சத்தம் மட்டும் கேட்டது. எத்தனையோ மேடைகளில் ஆடியிருக்கிறேன். அந்தச் சலங்கை அன்றுபோல் என்றும் ஒலித்ததில்லை. பூனை என்று சொன்ன அம்மாளின் முன்னால் போய்ச் சும்மா நின்றேன். அவருக்கு நான் யாரென்று தெரியாது. ஆனாலும் நின்றேன்.

எல்லாம் முடிந்தபின் அண்ணன் செம்பியின் காலைத் தூக்கி, தொலைபேசி வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார்.

"யாரு சீவுனது?"

"நான்தான்" என்றார் சித்தி.

"இவ்வளவு சுத்தமா எங்க லாடக்காரருக்கே வராது. ஒருநாளு வந்து கத்துக்கலாமா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பினாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு மூட்டை கேரட்டோடு வந்துவிட்டார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். கல்யாண வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, தீபாவளி கழிந்தது, ஜித்ராக்காரருக்கு அம்மாவே போன் போட்டுக் குதிரை விற்பனைக்கு இல்லை என்று சொன்னார். அண்ணன் மட்டும் இன்னும் குளம்பு சீவக் கற்றுக்கொண்டிருந்தார். பினாங்குத் தீவிலிருந்து கடல் தாண்டி எங்களிடம் பாடம் கேட்க ஓர் ஆள் வருகிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி மாளவில்லை எனக்கு.

ஆனால் அவரைப்போல் மந்தமான மாணவரை நான் கண்டதில்லை. சின்ன வயதிலிருந்தே குதிரையோடு வளர்ந்தவராம். ஆனால் அரத்தை எப்படிப் பிடிப்பது என்று வாரா வாரம் முதலிலிருந்து கேட்பார். சித்தியும் சலிக்காமல் முதலிலிருந்து சொல்லுவார். சித்தி விட்ட இடத்தை நான் நடுவில் உட்கார்ந்து விளக்குவேன். அந்த நேரம் பார்த்துத்தான் அம்மாவுக்குக் கடையில் ஏதாவது வாங்க வேண்டியிருக்கும். பாடம் கெட்டுவிடக் கூடாதே என்று ஓடிப்போய் ஓடிவருவேன். வீட்டுச் சிக்கனமும் ஞாயிற்றுக்கிழமைகளில் தளர்ந்துவிட்டது. அம்மா டின் பிஸ்கட் வாங்கினார். சித்தி கொட்டகை கூட்டப் போகும்போது பவுடர் பூசி, பூ வைத்துக்கொண்டார். இந்தத் துட்டுக்குத் தவிடு வாங்கலாம் சித்தி என்று நான் கண்டித்தேன்.

ஒரு ஞாயிறு, அண்ணனோடு அவருடைய அம்மாவும் மாமாவும் காரில் வந்தார்கள். தட்டில் பழம் இருந்தது. இவர்களும் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, அவர்களைக் கொட்டகைக்கு அழைத்துப்போய் அரத்தைக் காட்டினேன். எல்லோரும் காப்பி குடித்து முடித்தபின் அம்மா என்னைக் கூப்பிட்டார். "இந்தாலா, இனிமே அவர அண்ணன்னு கூப்பிடக்கூடாது."

எனக்குப் புரிந்துவிட்டது. இவ்வளவு நாளாகியும் கற்றுக்கொள்ளவில்லை என்று அவரை விரட்டப் பார்க்கிறார்கள். "அவரு மெதுவாத்தாம்மா கத்துக்குவாரு, வரவேணாம்னு சொல்லிடாதீங்க" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். வீடே சிரித்தது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சித்தி எழுந்து ஓடிப்போய்ச் செம்பியின் கழுத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும் என்று நான் அண்ணனின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அரத்தை அவர் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டேன். "பயப்படாதீங்க அண்ணே. இவங்கள விடுங்க, நான் சொல்லித் தர்றேன்" என்றேன்.