நடக்கத் தெரிந்தவருக்கு ஒரு நாற்காலி

பாய்லர்காரரை நான் முதலில் பார்த்தபோது, தான் உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலியின் பிரேக்கைக் குனிந்து ஒரு நாணயத்தால் முறுக்கிக்கொண்டிருந்தார். விமானம் மாறுகிற இடத்தில் சக்கர நாற்காலிப் பயணிகளைச் சுவரோரம் வரிசையாக நிறுத்திவிடுவார்கள். எனக்கு முழங்கால் மாற்றி நாலு மாதம்தான் ஆகிறது. நான் நாற்காலியில் இருந்தது நியாயம். இவருடைய கெண்டைக்கால்களோ உலக்கை மாதிரி இருந்தன. முப்பது வருடம் நோயாளிகளைக் கவனித்துக்கொள்கிற வேலை பார்த்தவளுக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

“உங்களுக்கு உடம்புக்கு என்ன தம்பி?”

“ஒண்ணுமில்லக்கா!” என்று கத்தினார். பாய்லர் சத்தத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அதுதான் மெதுவான குரல். “அப்பா வழி தெரியாம எங்கயாவது போயிடுவாருன்னு பையன் டிக்கெட்லயே வீல்சேர் போட்டுட்டான்.”

பையனைக் குறை சொல்ல முடியாது. ஒருமுறை சொந்தக்காரரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனவர், பாத்ரூம் போய்விட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பி, மூன்று மணி நேரம் கழித்துச் சட்டையெல்லாம் கரியோடு திரும்பியிருக்கிறார். கீழ்த்தளத்தில் வெந்நீர்க் குழாய் ஒழுகியதாம். அதற்குள் நோயாளி வீட்டுக்கே போய்விட்டார்.

பெரிய சலவை ஆலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் பாய்லரைப் பார்த்துக்கொண்டவர். ஸ்க்ரூடிரைவர் முனையைக் குழாயிலும் பிடியைக் காதிலும் வைத்து, எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவாராம். ஓய்வு பெற்ற ஏழு மாதத்தில் வீட்டு மிக்சி, தண்ணீர் மோட்டார், பக்கத்து வீட்டு அழைப்பு மணி எல்லாவற்றையும் பிரித்துப் போட்டிருக்கிறார். பக்கத்து வீட்டார் மணி கெட்டுவிட்டதாகச் சொல்லவே இல்லை. வேலை கேட்ட நாலு இடத்திலும் வயதைச் சொல்லி விரட்டிவிட்டார்கள். ஐந்தாவது, பூமியின் தென்கோடியில் பனிக்கட்டி மேல் இருக்கிற ஓர் ஆராய்ச்சி நிலையம். அங்கே பாய்லர் நின்றால் நாற்பது பேரும் விறைத்துப்போவார்கள். ஒரு வருட வேலை. “போயிட்டு வாங்க, அதுக்குள்ள நான் ஒரு மிக்சி வாங்கிக்கிறேன்” என்றாராம் மனைவி.

சிக்கல் இதுதான். மூன்று மணிக்கு விமான வாசலில் நிலையத்து அதிகாரி நிற்பார். ஆளை நேரில் பார்த்துத்தான் உடல்தகுதித் தாளில் கையெழுத்துப் போடுவார். பிடிக்கவில்லை என்றால் அங்கிருந்தே ஊருக்குத் திருப்பி அனுப்புவார். மகள் வீட்டுக்குப் போகிற எனக்கும் அதே விமானம்தான்.

“எழுந்து நடக்க வேண்டியதுதானே?”

“விட மாட்டேங்கறாங்கக்கா!”

எங்களைத் தள்ள வேண்டிய பெண்மணி பக்கத்தில் நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் இருவர் பாஸ்போர்ட்டும் அவள் பையில்தான்.

“நடக்க முடியும்னு ஏர்போர்ட் டாக்டர் எழுதித் தரணும் சார்.”

“டாக்டர் எங்க இருக்காரு?”

“அந்தக் கோடியில.”

“ஒரே ஓட்டமா ஓடி வாங்கிட்டு வந்துடறேன்.”

“நடக்கவே கூடாதுங்கறேன், ஓடறேங்கறீங்க. சேர்லதான் போகணும்.”

“அப்போ தள்ளிட்டுப் போங்கம்மா.”

“இந்த சேர் இந்தப் பக்கத்தை விட்டு வெளிய போகக் கூடாது.”

பாய்லர்காரர் எழுந்து, அங்கேயே பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்து காட்டினார். வரிசையின் கடைசியில் ஒரு கிழவர் கை தட்டினார்.

“எனக்குத் தெரியுது சார், லிஸ்டுக்குத் தெரியாதே” என்றாள் அவள்.

நான் குறுக்கே புகுந்தேன். “உன் லிஸ்டுல என்னம்மா எழுதியிருக்கு? ஆளா, நாற்காலியா?”

பார்த்தாள். “நாற்காலி ரெண்டு, வாசல் வரைக்கும்.”

“அதுல ஆள் உட்கார்ந்து வரணும்னு இருக்கா?”

தாளைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தையும் பார்த்தாள். “அப்படி ஒண்ணும் இல்லியே.”

காலி நாற்காலியை அவள் தள்ள, என்னை அவர் தள்ளுவதென்று முடிவாயிற்று. ஒன்றரை மணி நேரம் மீதி இருந்தது. தள்ளுகிறவராகப் போகிற ஆளுக்குத் தள்ளத் தெரிய வேண்டும். முதலில் பிரேக் போடுவது, பிறகு கால்பலகையை மடக்குவது, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குவது என்று சொல்லிக்கொடுத்தேன். ஆறு தடவை என்னை எழுப்பி உட்காரவைத்தார். முதல் தடவை பாய்லர் மூடியைத் தூக்குவது மாதிரி தூக்கினார். “நான் இரும்பு இல்ல தம்பி” என்றேன். மூன்றாவது தடவையிலிருந்து கை பக்குவப்பட்டது.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் புறப்பட்டோம். முன்னால் அவள் காலி நாற்காலியைத் தள்ளினாள். அதில் பாய்லர்காரரின் பைக்குப் பெல்ட் போட்டிருந்தது. பின்னால் அவர் என்னைத் தள்ளினார். காலி நாற்காலிக்கு எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். எங்களுக்கு ஒருவரும் விடவில்லை.

வாசலில் அதிகாரி நீலக் கோப்போடு நின்றார். “பாய்லர் மெக்கானிக் யாருங்க?”

“நான்தான் சார்!” அந்தக் கத்தலில் அவர் கோப்பு நழுவியது.

“இந்தக் காலி சேர் யாரோடது?”

“லிஸ்டோடது சார்” என்றாள் தள்ளுகிறவள். அதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

விமானத்துக்குள் போகக் குறுகலான வேறு நாற்காலிக்கு நான் மாற வேண்டும். பாய்லர்காரர் பிரேக் போட்டார், கால்பலகையை மடக்கினார், மூச்சு வாங்காமல் என்னை மாற்றி உட்காரவைத்தார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

“நோயாளிகளைப் பாத்துக்கிற பயிற்சியும் உண்டா உங்களுக்கு?”

பாய்லர்காரர் என்னைப் பார்த்தார். “என்கிட்டதான் கத்துக்கிட்டாரு” என்றேன். எப்போது என்று அதிகாரி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மகள் வீட்டுக்கு நான் வந்து மூன்று வாரம் கழித்துத் தொலைபேசி அடித்தது. காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா! இங்க டாக்டர் பனியில வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டாரு. அடுத்த கப்பலுக்கு நாலு மாசமாம். பயிற்சி இருக்கற ஆளுன்னு தாள்ல என் பேர் மட்டும்தான் இருக்காம்!”

“சக்கர நாற்காலி இருக்கா?”

“இல்லக்கா. பாய்லர் ரூம் தள்ளுவண்டியில நானே ஒண்ணு செஞ்சுட்டேன். இப்போ டாக்டரைக் கட்டில்லேருந்து எடுத்துக் கையில வெச்சிருக்கேன், அடுத்து என்ன பண்ணணும்?”

“மெதுவாய்யா, மெதுவா!” என்று பின்னால் ஒரு குரல் அலறியது.

“முதல்ல பிரேக் போடுங்க தம்பி” என்றேன்.