ஃபிலிமில் விழுந்த மூச்சு

சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் எக்ஸ்ரே சென்டர் கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகு, பழைய ஃபிலிமும் இருட்டறையும் சும்மா கிடந்தன. அவற்றைக் கேட்டு ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தார். ஒல்லியான உருவம், செருப்பின் ஓரத்தில் காய்ந்த சேறு. ஒவ்வொரு முறையும் முன்னறை ஜன்னலைத் திறந்த பிறகுதான் தன் பெட்டியைத் திறப்பார்.

பெட்டிக்குள் சிறு தட்டுகள். கடலூர் உப்பங்கழிச் சேற்றில் எடுத்த பாக்டீரியாக்களைப் பாதரசம் கலந்த அந்தத் தட்டுகளில் வளர்த்திருந்தார். முதல் நாள், இருட்டறையில் தட்டின்மேல் ஃபிலிமை வைத்துக் காத்திருந்துவிட்டு, கழுவித் தரச் சொன்னார். கழுவியதைப் பழக்க தோஷத்தில் வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். வட்டவட்டமாகக் கருப்பு.

"நெஞ்சுப் படத்துல கருப்பா தெரிஞ்சா அது காத்தும்மா. இது என்னா?"

"இதுவும் அதுங்க விட்ட மூச்சு மாதிரிதான் சார். பாதரசம் உள்ளயே இருந்தா செத்துடும். அதுங்ககிட்ட ஒரு என்சைம் இருக்கு, அது பாதரசத்த ஆவியாக்கி வெளிய அனுப்பிடும். அந்த ஆவி பட்டுதான் ஃபிலிம் கருத்திருக்கு."

"அப்ப வெஷம் ஒழிஞ்சிதா?"

"அதுங்களுக்கு ஒழிஞ்சிது சார். இப்ப காத்துல இருக்கு."

சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். வெளியே கடலூர் பஸ்ஸுக்காக ஜனங்கள் நின்றிருந்தார்கள்.

அவர் வருவது நின்று வெகுநாள் ஆயிற்று. தினமும் எத்தனையோ பேரிடம், "மூச்ச இழுத்துப் புடிங்க, இப்ப விடுங்க" என்கிறேன். அந்த ஜன்னலைத் திறந்து வைப்பதா சாத்துவதா என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.