விபத்து: இல்லை

எனக்குச் சந்தேகப் புத்தி என்று என் மனைவி சொல்வாள். இருக்கட்டும். சும்மா தருகிறேன் என்று யாராவது வந்தாலே, பதிலுக்கு என்ன பிடுங்கப் போகிறார் என்றுதான் பார்ப்பேன். அதிலும் காக்கிச் சட்டை போட்டவர் வந்து "உங்க நல்லதுக்குத்தான்" என்றால், அன்று முழுக்க வேலை ஓடாது.

கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில், திருச்சி நாலுவழிச் சாலையை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கேட்டவர்களுக்கு மனுவும் எழுதிக் கொடுப்பேன். கடைக்கு நேர் எதிரே, சாலையின் நடுத்தடுப்பில் ஒரு மொபெட் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்கிறது. அது அரசாங்கம் விட்ட வழி அல்ல. சாலை போட்டபோது ஊர் ஒரு பக்கமும் வயலும் பால் சொசைட்டியும் மறுபக்கமுமாகப் பிரிந்துபோயின. முறைப்படி திரும்புவதென்றால் வெகுதூரம் போய்ச் சுற்றி வர வேண்டும். மனு கொடுத்துப் பார்த்துவிட்டு, கடப்பாரையைக் கையில் எடுத்தோம். கண்மாய்க் கரை உடைந்தால் சொல்வதுபோல 'ஒடப்பு' என்றே அதற்குப் பேர் நின்றுவிட்டது. என் மனைவி காலையும் மாலையும் பால் கேனைத் தூக்கிக்கொண்டு அந்த ஒடப்பில்தான் சாலையைத் தாண்டுவாள்.

விபத்து நடக்காமலா இருக்கும்? நடந்தது. என் பக்கத்து வீட்டுக்காரர் அங்கேதான் கால் முறிந்தார். இன்றும் கெந்திக் கெந்தித்தான் நடக்கிறார். ஆனால் எதுவும் ஸ்டேஷனுக்குப் போகாது. போனால் ஒடப்பை அடைத்துவிடுவார்கள் என்ற பயம். இடித்த வண்டிக்காரரை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, ஆஸ்பத்திரிச் செலவை ஏற்க வைத்து, கையெழுத்தில்லாமல் அனுப்பிவிடுவோம். எங்கள் ஊரில் இதற்குப் 'பேசி முடிப்பது' என்று பெயர்.

அப்படியிருக்க, ஒரு நாள் காலையில் எஸ்.ஐ. அம்மா ஒருவர் ஏட்டையாவைக் கூட்டிக்கொண்டு என் கடை வாசலில் வந்து நின்றார். கையில் பைல்.

"அண்ணே, இந்த எடத்துல எத்தனை ஆக்சிடென்ட் நடந்திருக்கும்?"

எனக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. "எதுக்கும்மா கேக்குறீங்க?"

சாலைப் பாதுகாப்புக்கென்று காவல்துறைக்கு நிதி வருகிறதாம். மஞ்சள் விளக்கு, ஒளிரும் தடுப்பு, வேகத்தைப் பிடிக்கும் கருவி, காலை மாலை ஒரு ஆள் காவல். விபத்து அதிகம் நடக்கிற இடத்துக்கு முதலில் கொடுப்பார்களாம். ஸ்டேஷன் பதிவில் எங்கள் இடத்துக்கு ஒன்றுமே இல்லையாம். அதனால்தான் நேரில் விசாரிக்க வந்தாராம்.

விளக்கு வைக்க வருகிறவர்கள் விபத்தை ஏன் எண்ண வேண்டும்? இதில் ஏதோ சூது இருக்கிறது என்று முடிவு கட்டினேன். எண்ணிக்கை எழுதி வாங்கிக்கொண்டு ஒடப்பை மூடுவார்கள். அந்தக் கருவியை வைத்து எங்களிடமே ஹெல்மெட் கேஸ் பிடிப்பார்கள். "இங்க ஒன்னுமே நடந்ததில்லம்மா" என்றேன். பக்கத்து டீக்கடைக்காரரும் தலையை ஆட்டினார்.

அந்த அம்மா குனிந்து, மணலில் மின்னிய கண்ணாடித் தூளைச் செருப்பால் தள்ளினார். "அப்ப இது?"

"சோடா பாட்டில்."

வண்டியின் முன்விளக்குக் கண்ணாடி அது. அவருக்கும் தெரிந்திருக்கும். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பைலில் எழுதிக்கொண்டு போனார்.

சில வாரம் கழித்து ஏட்டையா, அந்த நிதி கேட்டு எழுதிய விண்ணப்பத்தையே என்னிடம் நகலெடுக்கக் கொண்டுவந்தார். அடுத்தவர் காகிதத்தைப் படிக்கக் கூடாதுதான். படித்தேன். வரிசையாக இடங்கள். எங்கள் ஊர்ப் பெயருக்கு நேரே 'விபத்து: இல்லை'. ஜெயித்துவிட்டோம் என்று குஷியாகி, மத்தியானச் சாப்பாட்டில் மனைவியிடம் பெருமையடித்தேன்.

அவள் குழம்பு ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். "நெசமாவே வந்து கேட்டாகளா?"

"ஆமா. வெவரமா சொல்லி அனுப்பிட்டேன்."

"ஒடப்ப மூடிருவாகன்னு பயந்தீக. சரி. அதுல நான் தெனமும் ரெண்டு தடவ உசுரக் கையில பிடிச்சுக்கிட்டுத் தாண்டுறேனே, அது ஒங்களுக்கு ஞாபகம் வரலையா?"

வரவில்லை. உண்மையில் வரவே இல்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால், போலீஸை நம்ப முடியாது என்று பத்து நிமிடம் பேசினேன்.

மேலூர்ப் பக்கம் கிளைச்சாலை பிரிகிற விலக்கு ஒன்றுக்கு விளக்கு, தடுப்பு எல்லாம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போனேன். வசூல் நடக்கிறதா என்று கையும் களவுமாகப் பிடிக்கும் எண்ணம். எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தேன். மஞ்சள் விளக்கு மின்னி மின்னி அணைந்தது. வேகமாக வந்த பஸ்கூட அங்கே அடங்கிப் போனது. ஒரு பெண் போலீஸ் கையைக் காட்டி லாரியை நிறுத்தினார். பால் கேனோடு ஒரு பெண் நடந்தே சாலையைக் கடந்தாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். எனக்குப் பொறாமையாக இருந்தது. வீட்டில் போய், கூட்டமில்லை, பஸ் சீக்கிரம் கிடைத்தது என்று மட்டும் சொன்னேன்.

அந்த மாதமே ஒரு காலை, கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். பிரேக் சத்தம். திரும்பினால் தார்ச்சாலை முழுக்கப் பால். நடுவில் என் மனைவி, வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காரை ஓட்டியவர் இறங்கி ஓடி வந்தார். ஊர் கூடிவிட்டது.

டீக்கடைக்காரர் என் தோளைத் தொட்டார். "மாப்ள, கைதான். கேஸ் கீஸ் வேணாம், பேசி முடிச்சிருவோம்."

கீழே இருந்து அவள் குரல் வந்தது. "யாரும் பேசக் கூடாது. இல்லைன்னு சொன்ன மனுசன் போயி, இருக்குன்னு எழுதிக் குடுக்கட்டும்."

கையில் கட்டுப் போட்டு அவளைக் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டு, ஸ்டேஷனுக்குப் போனேன். அதே எஸ்.ஐ. அம்மா. புகாரைப் படித்துவிட்டு, நான் அன்று அவரைச் சந்தேகமாகப் பார்த்த மாதிரியே இன்று என்னைப் பார்த்தார்.

"ஒன்னுமே நடந்ததில்லைன்னீங்களே அண்ணே?"

"பொய் சொன்னேம்மா. நெறைய நடந்திருக்கு."

"தேதி சொல்லுங்க. யாரு, எந்த வண்டி, எந்த ஆஸ்பத்திரி?"

அன்று காலைத் தேதியை மட்டும் சொன்னேன். பேசி முடித்ததற்கெல்லாம் தேதி ஏது?

அடுத்த விண்ணப்பம் நகலுக்கு வந்தபோது எங்கள் ஊருக்கு நேரே 'விபத்து: ஒன்று' என்று இருந்தது. கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டபடி பின்னால் நின்ற மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இம்புட்டு வருசத்துல அந்த எடத்துல விழுந்தது நான் ஒருத்திதானா?"

ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவர் கெந்திக்கொண்டே வாசலுக்கு வந்தார். உங்கள் கால் முறிந்தது எந்த வருஷம், எந்த மாதம் என்று கேட்டேன். அவர் என்னையும் பார்த்தார், தாளையும் பார்த்தார்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு மாப்ள எழுதுற? ஒன்னைய யாரு அனுப்புனா?"