கண்மாய்க் கதவுக்கு இரண்டு பூட்டு

பிள்ளைகளா, நயினார்கோவிலிலிருந்து இராமநாதபுரம் போகிற பஸ் ஒரு கண்மாய்க் கரையில் நிற்கிறது. இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நானும் இறங்குகிறேன்.

கரையில் ஓவர்சியர் ஒருவர் சங்கிலி பிடித்து அளக்கிறார். கண்மாய் நிரம்பி வழிகிற இடத்தில் இரும்புக் கதவு போடப் போகிறார்களாம். சுற்றிலும் இரண்டு ஊர்ச் சனம். கதவை மூடியே வைத்தால் தண்ணீர் ஏறி மேல ஊர் வயல் முங்கும். ஒரேயடியாகத் திறந்துவிட்டால் கண்மாய் வற்றி, பிறகு பாய்ச்சத் தண்ணீர் இல்லாமல் கீழ ஊர்ப் பயிர் காயும். அதனால் சாவி யாரிடம் இருப்பது என்று சண்டை.

மேல ஊர்ப் பெண் ஒருத்தி, "அம்மன் நகைப்பெட்டிக்கு ஊருக்கொரு பூட்டு போட்டிருக்கோம்ல. ரெண்டு சாவியும் சேந்தாத்தான தொறக்குது? இதுக்கும் அப்படியே போடுங்க" என்கிறாள்.

ஓவர்சியர் சிரிக்கிறார். "அம்மன் பொறுத்துக்கும், வெள்ளம் பொறுக்குமா? கீழ ஊர்ச் சாவி வந்து சேர்றதுக்குள்ள உன் நெல்லு முங்கிரும்."

என் பக்கத்தில் நிற்கும் கீழ ஊர்க்காரரிடம், "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்கிறேன்.

"எங்க சாவிய அவகிட்டயே கொடுக்கட்டும்" என்கிறார் சத்தமாக. "அவ என் தங்கச்சிதான். அங்கன வாக்கப்பட்டுப் போனவ. புருசன் நெல்ல முங்க விடமாட்டா, எங்க அய்யா பயிரக் காயவும் விடமாட்டா."

"நல்லாருக்குண்ணே! நீங்கள்லாம் தூங்குங்க, நான் முழிச்சுக் கெடக்கேன்" என்று ஏசுகிறாள் அவள். பிறகு ஓவர்சியரிடம் திரும்பி, "மழைக்கு முன்னாடி கதவப் போட்டுருங்கய்யா" என்கிறாள்.