மேனேஜருக்கு ஒரு ஸ்டாண்டு

லாரிக்காரர்களுக்கு அவள் எடைக்காரம்மா. இருபத்திரண்டு வருடமாக நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடையில் உட்கார்ந்து, ஏறி நிற்கிற லாரிகளின் எடையைச் சீட்டில் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. வண்டி வளைவில் திரும்பும்போதே டயர் பிதுங்குவதைப் பார்த்து இத்தனை டன் என்று சொல்லிவிடுவாள். முன்னே பின்னே நூறு கிலோ இருக்கும், அவ்வளவுதான். அந்த மேடைக்குப் பத்து கிலோவுக்குக் குறைந்த எதுவும் கண்ணில் படாது. பக்கத்திலேயே இருந்து இருந்து அவளுக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கொண்டது. சின்ன வருத்தம், சின்னக் கோபமெல்லாம் அவள் கணக்கில் சேராது.

ஆனால் ஒன்றரை மாதமாக வீட்டில் நடந்துகொண்டிருந்தது சின்ன விஷயம் இல்லை. அவள் கணவர் சலூன்காரர். முப்பது வருடம் ஒரே நாற்காலிக்குப் பின்னால் நின்றவர். சாலையை அகலப்படுத்தக் கட்டடத்தை இடித்த அன்று கத்திரியைக் கீழே வைத்தவர்தான், அப்புறம் அதைத் தொடவே இல்லை. வேறு சலூனில் கூப்பிட்டார்கள். கை நடுங்குகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். கையாவது நடுங்குவதாவது! டம்ளர் விளிம்பு வரை டீயை ஊற்றிக் கொடுத்து அவள் சோதித்துப் பார்த்தாள், ஒரு சொட்டு சிந்தவில்லை.

கடையிலிருந்து வீடு வந்து சேர்ந்த சாமான் கொஞ்சம்தான். வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலி, சாக்கில் சுற்றிய பெரிய கண்ணாடி, மூன்றடி மீன்தொட்டி, கத்திரி சீப்பு வகையறா, அதோடு மேனேஜர். மேனேஜர் என்பது உள்ளங்கை நீளம் வளர்ந்த ஒரு தங்கமீன், விலாவில் ஒரு கறுப்பு மச்சம். ஒன்பது வருடமாகத் தொட்டியில் மிதந்தபடி கடையில் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்ததால் வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் அது. கடையில் தொட்டி நின்றது சுவரோடு சேர்த்துக் கட்டிய சிமெண்டுத் திட்டில். திட்டு இடிபாட்டோடு போய்விட்டது. வீட்டிலிருந்த மேஜைகளில் ஒன்றுக்கும் அந்தத் தொட்டியைத் தாங்கும் தெம்பு இல்லை. ஆகவே தொட்டி காலியாக மூலையில் கிடக்க, மேனேஜர் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் குடியிருந்தார். போட்ட தீனி மிதந்தபடியே கிடந்தது. கணவருடைய தட்டிலும் பாதி அப்படியேதான் கிடந்தது. மீன் தேறினால் மனிதரும் தேறுவார், மறுபடி கத்திரியை எடுப்பார் என்று அவள் கணக்குப் போட்டாள்.

தொட்டிக்கு ஸ்டாண்டு செய்ய அளவெடுத்துப் போன தச்சர் மூன்று வாரமாக நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய நாளை எந்தக் காலண்டரில் இருக்கிறதோ தெரியவில்லை. லாரிச் சக்கரத்துக்குக் கட்டை அறுத்துப் போட்ட கை நமக்கும் இருக்கிறதே என்று அவளே இறங்கிவிட்டாள். இயந்திரங்கள் ஏற்றிவந்த லாரியொன்று கழித்துப்போட்ட கனமான மரச்சட்டங்கள் அவள் அறைக்குப் பின்னால் கொட்டகையில் கிடந்தன. ஒரு லாரி இறங்கி அடுத்தது ஏறும் இடைவெளியில் அளவெடுத்தாள், அறுத்தாள், உளி பிடித்தாள். இரண்டாம் நாளே சுத்தியல் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. வாய்க்கு வந்ததைச் சுத்தியலிடம் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

தண்ணீர் நூற்றறுபது கிலோ, தொட்டிக் கண்ணாடியும் கூழாங்கல்லும் சேர்ந்து அறுபது. லாரிக்கு இதெல்லாம் தூசு, நாலு மரக்காலுக்கு அப்படி இல்லை. சுமை லாரியின் அடிச்சட்டமான சேஸிஸின் மேல் உட்கார வேண்டும், கயிற்றில் தொங்கக் கூடாது என்று டிரைவர்களிடம் ஆயிரம் தடவை சண்டை போட்டவள் அவள். அதே நியாயம்தான் இங்கேயும். ஒவ்வொரு காலின் தலையிலும் படி செதுக்கி, மேல்சட்டத்தை அதன்மேல் ஏற்றி உட்கார வைத்தாள். எடை மரத்தின் மேல் இறங்கும், திருகாணிக்கு ஆடாமல் பிடித்துக்கொள்கிற வேலை மட்டும். கோணம் சரியா என்று மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தபோது இரண்டு விரற்கடை வித்தியாசம். கழற்றி, இழுத்து நேராக்கி, பசை தடவி மறுபடி முடுக்கினாள். கீழே குறுக்குச் சட்டங்களும் அதன்மேல் ஒரு தட்டும் வைத்தாள்.

உயரம் இரண்டரை அடி. அதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. மனிதர் நாள் முழுக்க நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே மீன் தெரிய வேண்டாமா?

ஆறாம் நாள் சோதனை. லாரி ஓட்டும் தன் தம்பியை வரச்சொன்னாள். தொண்ணூற்று நாலு கிலோ ஆள். கூடவே சுமை இறக்கும் இரண்டு பேர். மூன்று பேரையும் மேலே ஏறி உட்கார்ந்து நன்றாக ஆட்டச் சொன்னாள். தம்பி ஏறுவதற்கு முன்னால் காலைத் தட்டிப் பார்த்தான்.

"ஒடிஞ்சிட்டா என்னக்கா?"

"ஸ்டாண்டு சரியில்லன்னு தெரிஞ்சிடும்."

"அப்ப நான்?"

"நீ ஒடிய மாட்டடா, உக்காரு."

ஸ்டாண்டிலிருந்து ஒரு முனகல் கூட வரவில்லை. அன்று மாலையே வீட்டு முன்னறையில், கதவுக்கு வலப்பக்கச் சுவரோரம் ஸ்டாண்டை நிறுத்தினார்கள். ரசமட்டம் வைத்து, தாழ்ந்த காலுக்கு ஒரு மெல்லிய பலகைத் துண்டைக் கொடுத்து, மேலே தெர்மோகோல் விரித்துத் தொட்டியை ஏற்றினார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். கடைசியாக மேனேஜர் பதவியேற்றார். கொட்டிக் கிடந்த கடைச் சாமான்களையெல்லாம் அவள் அள்ளி அடித்தட்டில் அடுக்கினாள். கணவர் நாற்காலியிலிருந்தபடியே பார்த்தார். நன்றாகச் செய்திருக்கிறாய் என்றார். கொஞ்ச நேரத்தில் அவர் பார்வை பழையபடி ஜன்னலுக்குப் போய்விட்டது.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறு நாள் உளி பிடித்துக் கொப்புளம் கண்ட கையைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். மறுநாளும் அதே கதை. மீன் தீனியைத் தின்னத் தொடங்கிவிட்டது, மனிதரிடம்தான் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, தம்பியும் வந்திருந்தான். பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"ஏங்க, மேனேஜரை ஏன் பாக்கவே மாட்டேங்கறீங்க?"

அவர் தயங்கினார். "அதே மீன்தான், எனக்குத் தெரியாமலா? ஆனா யாரோ மாதிரி இருக்கு. மேனேஜருக்கு மச்சம் இடது பக்கம்ல?"

அவள் குனிந்து பார்த்தாள். மச்சம் வலது விலாவில் இருந்தது. மச்சம் என்ன, வீடு மாறியதும் பக்கம் மாறுமா? மாமாவுக்கு மறதி வந்துவிட்டது என்று தம்பி சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கடையை மனதுக்குள் கொண்டுவந்து பார்த்தாள். உள்ளே நுழைந்தால் இடப்பக்கம் கண்ணாடி, வலப்பக்கம் தொட்டி, நடுவில் கண்ணாடியைப் பார்த்தபடி நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால் இவர். ஒன்பது வருடமும் தொட்டி இவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறது. தீனி போடும்போது தெரிவது மீனின் முதுகு மட்டும். மற்றபடி மேனேஜரை அவர் பார்த்ததெல்லாம் கண்ணாடிக்குள்தான், இடமும் வலமும் மாறி.

தம்பியைக் கூப்பிட்டுக் கண்ணாடியின் சாக்கைப் பிரிக்கச் சொன்னாள். தொட்டிக்கு எதிர்ச்சுவரில் ஆணியடித்து மாட்டினார்கள். நாற்காலியிலிருந்து கணவரை எழுப்பி, அதைக் கண்ணாடிக்கு முன்னால் இழுத்துப்போட்டு, தானே ஏறி உட்கார்ந்தாள்.

"பின்னாடி வந்து நில்லுங்க."

அவர் வந்து நின்றார். கண்ணாடியில் அவள் தலையும், அதற்கு மேல் அவர் மார்பும் முகமும் தெரிந்தன. தொட்டியை அவர் இடுப்பு மறைத்திருந்தது. முழங்கைக்குக் கீழே தண்ணீர் ஒரு ஓரமாகத் தெரிய, அதில் ஆரஞ்சு வால் ஒன்று ஆடிவிட்டுப் போனது. அவர் சட்டென்று குனிந்து பார்த்தார். கண்ணாடிக்குள் மச்சம் இடது பக்கம் இருந்தது.

"இன்னும் மேல வேணும்," என்றார். திரும்பாமல், கண்ணாடியைப் பார்த்தபடியே கையைப் பின்னால் தூக்கிக் காட்டினார். "இங்க. என் தோளுக்கு மேல எட்டிப் பாக்கணும். அப்பதான் மேனேஜர்."

கணக்கு அவள் மனதில் தானாக ஓடியது. இன்னும் ஒரு அடி. தண்ணீரை இறைக்க வேண்டும், கால்களைக் கழற்றி நீளமாகப் புதுசாக அறுக்க வேண்டும், உயரம் கூடினால் குறுக்குச் சட்டமும் கூட வேண்டும், மூன்று பேரையும் மறுபடி ஏற்றி உட்கார வைக்க வேண்டும். தம்பியிடம் சொல்வதற்காகத் தலையைத் திருப்பினாள். இரண்டு விரல்கள் நெற்றிப்பொட்டில் அழுத்தித் தலையை நேராகத் திருப்பின.

"ஆடாம உக்காரு."

மனைவியிடம் பேசும் குரல் இல்லை அது. முப்பது வருடமாக நாற்காலியில் உட்கார்ந்த எல்லோரிடமும் சொன்ன குரல். அவர் அவள் பின்னலை அவிழ்த்தார், விரலால் கோதி நுனியைத் தூக்கிப் பார்த்தார், என்ன இப்படி ஏறுக்குமாறாக இருக்கிறது என்று சலித்துக்கொண்டார்.

"கத்திரிய எங்க வெச்ச?"

"ஸ்டாண்டுக்கு அடியில, தட்டுல."

தம்பி எடுத்துக் கொடுத்தான். கத்திரி இரண்டு தடவை வெறும் காற்றை வெட்டிப் பார்த்துவிட்டு, பிறகு வேலையில் இறங்கியது. கண்ணாடியில் தன் கண் நிறைந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினால் தலை ஆடிவிடும் என்று அப்படியே விட்டுவிட்டாள்.