டிஸ்க் அக்காவின் மஞ்சள் டேப்

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றியதும் அக்கா முதலில் மஞ்சள் டேப்பைத்தான் கிழிப்பாள். விரல் நீளத் துண்டில் டிஸ்க்கின் எண்ணில் கடைசி நான்கு எழுத்தை எழுதி, கவருக்கு ஸ்டாம்ப் ஒட்டுவதுபோல் ஒட்டுவாள். பிறகுதான் வந்தவரை நிமிர்ந்து பார்த்து, "என்ன ஆச்சு?" என்பாள். சலவைக்கடை மாடியில், கைப்பிடி ஆடும் படியேறினால் இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, அக்கா. பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. டிஸ்க் அக்கா என்றால் தெருவே வழி காட்டும்.

"கம்ப்யூட்டர் மூஞ்சிய பாத்து ஆள அடையாளம் புடிக்காதுங்க. ஒவ்வொண்ணுக்கும் நீளமா ஒரு நம்பர். அதுல ஒரு எழுத்து மாறினாலும் 'யாரு நீ'ன்னு கதவைச் சாத்திடும். எங்க வீட்டுலயும் அப்படி ஒருத்தங்க இருக்காங்க" என்பாள் வருபவர்களிடம்.

அந்த ஒருத்தங்க அடுத்த மேசையில்தான் இருந்தார். அக்காவின் மாமியார், ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர். பெட்டி மக்கர் செய்தால் வரும் கறுப்புத் திரையில் டிஸ்க்கின் எண்ணும், அதை எழுதித் திருத்த வேண்டிய பட்டியலும் ஒரே நேரத்தில் தெரியாது. அதனால் அக்கா எண்ணைப் போனில் படமெடுத்துக் கொடுப்பாள். அத்தை நான்கு நான்கு எழுத்தாக, வெளிநாட்டு அழைப்பை இணைக்கும் கம்பீரத்தோடு வாசிப்பார். அக்கா தட்டிவிட்டு "ம்" சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் லைன் கட்.

ஒன்பது நாளாக லைன் கட்டாகத்தான் இருந்தது. அத்தையின் மூக்குக்கண்ணாடிக் கம்பி உடைந்ததும், "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றிருக்கிறாள் அக்கா. "ஊரு பொட்டியெல்லாம் ரிப்பேர் பண்றவளுக்கு என் கண்ணாடி மட்டும் குப்பையா?" பேச்சு அன்றோடு நின்றது.

என் பழைய லேப்டாப்போடு நான் காத்திருந்த மதியம், ஆராய்ச்சி மாணவி ஒருத்தி தன் லேப்டாப்போடு மூச்சிரைக்க ஏறி வந்தாள். மூன்று வருட ஆய்வேடு உள்ளே. நான்கு மணிக்குள் அனுப்பாவிட்டால் ஒரு வருடம் போச்சு. இடம் பற்றவில்லை என்றதும் அவள் அண்ணன் டிஸ்க்கின் காலிப் பகுதி ஒன்றை அழித்து, புதிதாக ஃபார்மட் செய்து உதவியிருக்கிறான். அதோடு லேப்டாப் திறக்கவே இல்லை.

"ஆய்வேடு பத்திரமா இருக்கும்மா. அழிச்ச பகுதிக்குப் புது நம்பர் வந்துடுச்சு. பொட்டி பழைய நம்பரையே தேடிட்டு நிக்குது."

இனி வரவே வராத அந்தப் பழைய எண்ணுக்காக இயந்திரம் ஒன்றரை நிமிடம் காத்திருந்தது. எனக்குக் கண் கலங்கியது. அக்கா கொட்டாவி விட்டாள்.

புது எண்ணைப் படமெடுத்த போனை மடியில் வைத்துக்கொண்டு, தானே பார்த்துத் தானே தட்டினாள். மறுபடி ஒன்றரை நிமிடம். மறுபடி கறுப்புத் திரை. இன்னொரு முறை. அதே கறுப்பு. மணி மூன்றரை.

"உங்க அண்ணன் வரலையா?"

"இல்லக்கா."

"வந்திருந்தா அவனை ஃபார்மட் பண்ணியிருப்பேன்."

பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. பொலபொலவென்று கண்ணீர்தான் வந்தது. அக்கா போனை அடுத்த மேசைக்குத் தள்ளினாள்.

"வாசிங்க."

அத்தை மின்விசிறியைப் பார்த்தார். "யாரைச் சொல்றாங்கன்னு கேளு பொண்ணே."

"உங்களத்தான் அத்தை."

"என் கண்ணாடி குப்பைன்னு தீர்ப்பாயிடுச்சே."

"பாட்டி, ப்ளீஸ்..." என்றாள் பெண்.

"யாருடி பாட்டி?" என்று சீறியபடியே அத்தை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். உடைந்த கம்பியை ஒரு விரலால் நெற்றிப்பொட்டில் அழுத்திக்கொண்டு ஆரம்பித்தார். "ஏழு, எஃப், மூணு, எட்டு."

"ம்."

"சி, ஒண்ணு, பி, நாலு."

அக்காவின் விரல் நின்றது. பி இருக்க வேண்டிய இடத்தில் ஆறு போட்டிருந்தாள். சத்தமில்லாமல் திருத்தினாள்.

"'ம்' எங்க?"

"சொன்னேனே."

"லைன்ல வரல."

"ம்ம்ம்!"

முப்பத்திரண்டு எழுத்தும் முடிந்தன. இந்த முறை இயந்திரம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. திரையில் பெண் வைத்திருந்த பூனைப் படம் மலர்ந்தது. மூன்று ஐம்பத்திரண்டுக்கு ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. பெண் அத்தையைக் கட்டிக்கொண்டு, "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று திருத்திச் சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

அக்கா மஞ்சள் டேப்பில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு கிழித்தாள். எதுவும் எழுதவில்லை. கேட்காமலே அத்தையின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, உடைந்த கம்பியில் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி, நகத்தால் அழுத்தி, மறுபடி அவர் காதில் மாட்டிவிட்டாள்.