நான் எழுதிய ‘இன்எக்ஸ்க்யூசபிள்’

கம்பெனி பஸ் ஓசூர் சிக்னல் ஒன்றில் நின்றிருந்தபோதுதான், ‘இன்எக்ஸ்க்யூசபிள்’ என்ற சொல்லுக்கு எனக்கு அர்த்தமே தெரியாது என்பது உறைத்தது. அதை ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

பக்கத்து சீட்டில் எங்கள் லைன் அக்கா. சிங்காரப்பேட்டைக்காரர், ஓசூரில் அறை எடுத்துத் தங்கி, ஐந்து வருடமாகக் காண்ட்ராக்டில் மெஷின் ஓட்டுகிறார். நான் சேர்ந்து எட்டு மாதமான ட்ரெய்னி இன்ஜினியர். ஆபீஸ் கொடுத்த மெமோவை என் மடியில் வைத்தார்.

“இங்கிலீஷ் புலி, படிச்சு சொல்லு தம்பி. ஆபீஸ்ல கேட்டா ‘பதில் எழுதும்மா’ங்கறாங்க, அவ்ளோதான்.”

மெமோவில் இருந்தது இதுதான்: ஒரு ட்ரே முழுக்கத் துளை சிறிதான பாகங்கள். அளவு குறிக்கும் செக் ஷீட்டில் இரண்டு மணி நேரக் கட்டங்கள் காலி. இது ‘இன்எக்ஸ்க்யூசபிள்’ அலட்சியம். வேலையை விட்டு ஏன் நிறுத்தக்கூடாது என்று நாளைக்குள் விளக்கம் தரவும். என் ரிப்போர்ட் வாக்கியம் அப்படியே இருந்தது, கமா உட்பட. அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிட்டுத் தமிழில் சொன்னேன்.

போட்டித் தேர்வுக்குத் தினம் பத்து ஆங்கிலச் சொல் படிப்பவன் நான். அந்த வாரத்துப் பட்டியலில் இருந்த சொல் அது. கம்பீரமாக இருந்தது, போட்டுவிட்டேன்.

“நடுவுல ஒரு வார்த்தைய முழுங்கிட்டியே, அது என்ன?”

“மன்னிக்க முடியாததுன்னு...”

“மன்னிப்பு யாரு கேட்டா?”

பட்டியலில் நான் குறித்து வைத்த அர்த்தம் அங்கேயே விழுந்தது. “இல்லக்கா. என்ன காரணம் சொன்னாலும் நியாயமாகாதுன்னு அர்த்தம்.”

“காரணத்தையே இன்னும் யாரும் கேக்கலியே! கேக்காமயே எப்பிடித் தெரிஞ்சுது?”

அப்போதுதான் கேட்டேன். மூன்று நாள் முன்பு கேட்டிருக்க வேண்டியது.

“துளை அளக்கற கேஜ் தேஞ்சுபோச்சு. குவாலிட்டி ரூம்ல குடுத்தேன், வேற தரல. சூப்பர்வைசரு ‘ஓட்டும்மா, பாத்துக்கலாம்’னாரு. ஓட்டினேன். அளக்காம எப்பிடி டிக் போடறது? அதான் காலியா உட்டேன்.”

அளக்காமலே டிக் போட்ட எத்தனை ஷீட்டுகளை நான் புரட்டிப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறேன்! அவையெல்லாம் எனக்கு ஒழுங்காகத் தெரிந்தன. காலிக் கட்டம்தான் கண்ணில் குத்தியது.

“அந்த வார்த்தைய எழுதினது நான்தான்க்கா.”

“அடப்பாவி! என் பக்கத்துலயே உக்காந்துட்டு வரியே.” மெமோவைப் பிடுங்கி மடித்தார். தன் ஸ்டாப்பில் இறங்கும் முன் மறுபடி என்னிடமே நீட்டினார். “பதிலையும் நீயே எழுது.”

அறைக்கு வந்தும் உட்காரப் பிடிக்கவில்லை. எல்லாக் காரணங்களையும் கேட்டு, எடை போட்டு, ஒன்றும் தேறாதபோது கடைசியாகச் சொல்ல வேண்டிய சொல் அது. நான் முதல் வரியிலேயே வைத்துவிட்டேன். சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன்.

“விடு குரு, ரிப்போர்ட் போயாச்சு. உனக்கு வேலையில கன்ஃபர்மேஷன் வேணாமா?”

வேண்டும்தான். ஆனாலும் காலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறேன். குவாலிட்டி ரூமில் அக்கா கொடுத்த தேய்ந்த கேஜை வாங்கி வைத்த பதிவேடு இருக்கும். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அக்காவின் பதிலோடு இணைக்க வேண்டும். கூடவே இன்னொரு ரிப்போர்ட்: முதலாவதை அக்காவிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் எழுதினேன் என்று. சூப்பர்வைசர் ஓட்டச் சொன்னதையும் அதில் எழுதி, அவரிடமும் கையெழுத்துக் கேட்டுப் பார்ப்பேன். அவர் போடாவிட்டால் என் கையெழுத்தோடு மட்டும் கொடுப்பேன்.